ஒரே முகத்தை ஆண்டுக்கணக்கில் வரைவது: ஓவியர்–மாடல் நட்பு எதில் நிற்கிறது, எதில் முறிகிறது? (சேலம் – ஏற்காடு)

கோடுகாரன்
உருவப்படம் வரைபவருக்கும் அவருக்காக உட்காருபவருக்கும் பத்து, இருபது ஆண்டுகள் நீடிக்கும் நட்பு வருகிறதே, அதைப் பற்றி இந்த இழை. மனசு, ஆன்மா என்று பேச வேறு இழைகள் நிறைய உண்டு. இங்கே வேலையை மட்டும் பேசுவோம்: சிட்டிங் (மாடல் ஒரு தடவை வந்து உட்காருவது) எத்தனை நிமிடம், வெளிச்சம் எப்படி, பணம் எப்படி, எதனால் மாடல் மூன்றாவது வாரமே வராமல் போகிறார். சொந்தக் கதை வேண்டாம், தெரிந்த நுணுக்கம் போதும்.

நானே தொடங்குகிறேன். நீண்ட நட்புக்கு நல்ல உதாரணம் லண்டனில் இருந்த ஓவியர் ஃபிராங்க் ஆவர்பாக். 2024இல் இறந்தார். ஜூலியட் யார்ட்லி மில்ஸ் என்ற தொழில்முறை மாடல் 1950களின் பின்பாதியில் அவருக்காக உட்காரத் தொடங்கி 1997 வரை உட்கார்ந்தார். கேத்தரின் லாம்பர்ட் 1978இலிருந்து உட்கார்ந்தார். வாரத்தில் குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம், அதே நாற்காலி. சரிவராத நாளில் அன்றைய பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அடுத்த சிட்டிங்கில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். உட்கார்ந்தவருக்கு அது வீண் வேலையாகப் படவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஏன் படவில்லை? என் கணிப்பு: நேரம் தவறாமை. ஓவியர் நேரத்தை மதித்தால் படம் நாசமானாலும் மாடல் திரும்பி வருவார்.

அசையாநாற்காலி
நேரம் மதிக்கிறது சரிங்க. முதல்ல உடம்பைப் பத்திப் பேசுங்க. வரையற பக்கத்துல இருக்கறவங்களுக்கு இது புரியவே புரியாது.

உட்கார்ந்த போஸுக்கு 20 நிமிஷம், 5 நிமிஷம் ஓய்வு. நாலு சுத்து முடிஞ்சா 15 நிமிஷம் பெரிய ஓய்வு, டீ. நின்ன போஸ்னா 15 நிமிஷத்துக்கு மேல வேண்டாம். நிக்கறவங்க முழங்காலை விறைப்பா பூட்டிக்கிட்டா ரத்தம் கால்லயே தேங்கிடும், மயங்கி முன்னாடி விழுவாங்க. சேலத்து ஏப்ரல் வெயில்ல, மேல ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தா இது இன்னும் சீக்கிரம் நடக்கும். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு கால்ல மட்டும் பாரம் போட்டு நிக்கச் சொல்லணும். மூஞ்சி வெளிறி, மேலுதட்டுல வேர்வை முத்து முத்தா வந்தா வரையறதை அப்படியே விட்டுட்டு உடனே படுக்க வைங்க.

உட்கார்ந்த போஸ்ல மரத்துப் போறது பெரும்பாலும் தொடைக்கு அடியில. நாற்காலி முன்விளிம்பு தொடையை அழுத்துது, அதான் காரணம். விளிம்புல மடிச்ச துண்டு ஒண்ணு வைங்க, இல்லைனா காலுக்குக் கீழ ரெண்டு அங்குலப் பலகை போடுங்க. கை எதையாவது பிடிச்சபடி இருக்கற போஸ்னா முழங்கைக்கு ஊன்றுகோல் வேணும். அது படத்துல தெரியாத இடத்துல இருந்தா போதும்.

மாடல் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி சாக்பீஸாலயோ மாஸ்கிங் டேப்பாலயோ நாலு இடத்துல குறி போடணும்: ரெண்டு பாதம், நாற்காலிக் கால் நாலும், கை படற இடம், கண் பார்க்கற இடத்துல சுவத்துல ஒரு புள்ளி. கடைசி புள்ளியைத்தான் எல்லாரும் மறப்பாங்க. ஓய்வு முடிஞ்சு வந்து உட்கார்ந்தா தலை ரெண்டு விரக்கடை திரும்பியிருக்கும், அதுக்கப்புறம் "கொஞ்சம் இடது, இல்ல வலது, இன்னும் கொஞ்சம்"னு பத்து நிமிஷம் ஓடும். அந்தப் பத்து நிமிஷம்தான் வாரா வாரம் சேர்ந்து சண்டையாகும்.

மஞ்சள்காவி
மேலே சொன்னதோடு மேடை உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 45 செ.மீ. நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 115–120 செ.மீ. உயரத்தில் இருக்கும். நின்று வரைபவரின் கண் 155 செ.மீ. மேடை இல்லாவிட்டால் எல்லா முகத்தையும் மேலிருந்து கீழாகப் பார்த்து வரைவீர்கள்: நெற்றி பெருத்து, தாடை சுருங்கி. மாடல் படத்தைப் பார்த்ததும் "நான் குள்ளமா இருக்கேனே" என்பார், உங்களுக்கு ஏனென்று புரியாது. 35 செ.மீ. மேடை போதும். நாலடிக்கு நாலடி, 18 மி.மீ. பிளைவுட், கீழே இரண்டுக்கு இரண்டு அங்குல மரச்சட்டம். விளிம்பைச் சுற்றி ஒரு அங்குலப் பட்டி அடித்துவிட்டால் நாற்காலிக் கால் நழுவாது.

தூரம்: தலை, தோள் மட்டும் என்றால் ஆறு முதல் எட்டு அடி. அதைவிடக் கிட்டே போனால் மூக்கு பெரிதாகும், காது மறையும்.

பேனர்தாத்தா
மேடை, டேப்பு, ஓய்வு... இத்தனையும் எதுக்கு? சேலம் சினிமா ஊருப்பா. 1935ல டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஆரம்பிச்ச காலத்துலேர்ந்து இந்த ஊர்ல முகம் வரையற கை பஞ்சமில்லை. பேனர்காரங்க யாரும் ஹீரோவைக் கூப்பிட்டு உட்கார வைக்கலை. ஒரு ஸ்டில், அதுமேல கட்டம், துணியில நூல்ல சுண்ணாம்பு தட்டி பெரிய கட்டம். இருபதடி முகம் ஒரே நாள்ல. போட்டோ இருக்கும்போது ஒரு மனுஷனை நூறு தடவை உட்கார வைக்கறது அவனைக் கஷ்டப்படுத்தறதுதானே?

மஞ்சள்காவி
பேனருக்கு அது சரியான வழிதான், ஐயா. எண்பதடி தள்ளி நின்று பார்ப்பதற்காக வரைந்தது, வெளிச்சமும் நிழலும் இரண்டே பிரிவு. இங்கே பேசுவது மூன்றடி தள்ளி நின்று பார்க்கும் படம்.

போட்டோவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கைப்பேசியை முகத்துக்கு இரண்டடியில் நீட்டி எடுத்ததை வைத்து வரையாதீர்கள். அதன் முதன்மை லென்ஸ் அகலக்கோணம், கிட்டே போனால் மூக்கைப் பெரிதாக்கி காதைப் பின்னுக்குத் தள்ளும். எட்டடி பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். இன்னொன்று, நிழல் பகுதியை கேமரா கறுப்பாக அடைத்துவிடும். மாநிற, கருநிற முகங்களில் நிழலுக்குள்தான் நிறமே இருக்கிறது. தாடைக்கு அடியில் சட்டையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம், காதுமடலின் சிவப்பு, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், போட்டோவில் போய்விடும். போட்டோ சேலை மடிப்புக்கு, நகைக்கு. முகத்துக்கு ஆள்.

கோடுகாரன்
நூறு தடவை என்றதும் நினைவு வருகிறது. பாரிஸ் ஓவிய வணிகர் அம்புரோஸ் வொலாரை 1899இல் பிரெஞ்சு ஓவியர் செசான் வரைந்தார். வொலார் எழுதியபடி 115 சிட்டிங். அசைந்தபோது, ஆப்பிள் அசையுமா என்று திட்டினார். கடைசியில் படத்தை முடிக்காமலே விட்டு, சட்டையின் முன்பக்கம் ஒன்றும் மோசமில்லை என்றார். அப்படியும் வொலார் அவரது ஓவியங்களை விற்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஒன்று, வொலாருக்கு அதில் வியாபார லாபம் இருந்தது. நம்மூரில் மதியச் சோற்றை விட்டுவிட்டு வந்து உட்காருபவரிடம் ஆப்பிள் கதையைச் சொன்னால் எழுந்து போய்விடுவார். போக வேண்டியதுதான்.

ஏற்காட்டுப்பனி
வெளிச்சம் பத்தி யாரும் இன்னும் சொல்லலியே. ஐரோப்பாப் புத்தகத்தைப் பார்த்து எல்லாரும் "வடக்குச் சன்னல், வடக்குச் சன்னல்"ங்கறாங்க. லண்டன்ல வெயில் கிட்டத்தட்ட தெற்குலயே இருக்கும். நம்ம ஊர் 11.6 பாகை வடக்கு. ஏப்ரல் மூணாம் வாரத்துலேர்ந்து ஆகஸ்ட் மூணாம் வாரம் வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிக்குது. அந்த நாலு மாசமும் வடக்குச் சன்னல்ல நேர் வெயில் வரும். காலைல மாடலோட இடது கன்னத்துல நிழல், பத்தரைக்குப் பார்த்தா மூக்கு மேல வெயில் கோடு.

தீர்வு கஷ்டமில்லைங்க. ஜூன் 21 அன்னிக்கு நண்பகல்ல சூரியன் நேர் உச்சியிலேர்ந்து 12 பாகைதான் வடக்கே. அஞ்சடி உயரச் சன்னலுக்கு ஒண்ணேகாலடி சன்ஷேடு போதும், பெரும்பாலான வீடுகள்ல இது ஏற்கெனவே இருக்கு. பிரச்சினை காலையும் சாயங்காலமும்தான். அப்போ சூரியன் கிழக்குலேர்ந்து 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கும், சுவரை ஒட்டிச் சாய்வா உள்ள வரும். நாலடி அகலச் சன்னலுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டடி நீட்டுன செங்குத்துப் பலகை வச்சா அது நிக்கும். பலகை முடியாதவங்க வெள்ளை வேட்டியை ரெண்டா மடிச்சுச் சன்னல்ல கட்டுங்க. வெளிச்சம் குறையும், ஆனா சீரா இருக்கும். கலர் வேட்டி, பச்சைத் தோட்டத்துணி வேண்டவே வேண்டாம், முகமெல்லாம் பச்சையடிக்கும்.

மேல ஏற்காட்டுல வேற கணக்கு. கடல் மட்டத்துலேர்ந்து 1,500 மீட்டருக்கு மேல, பனிமூட்டம் வந்துட்டா நாலு பக்கமும் ஒரே வெளிச்சம், நிழல் கரைஞ்சு போகும். முகத்துக்கு அழகான வெளிச்சம். ஆனா பத்து நிமிஷத்துல பாதியா குறைஞ்சுடும், திரும்ப ஏறும். ஒவ்வொரு தடவையும் படத்தை மாத்திக்கிட்டே இருந்தா சேறாயிடும். முதல் அரைமணிக்குள்ள ஆக வெளிச்சமான இடம், ஆக இருட்டான இடம், ரெண்டையும் கேன்வாஸ்ல போட்டுப் பூட்டிடுங்க. பனி வந்தா வண்ணம் மட்டும், பனி விலகினா டோன் (வெளிச்சம், இருட்டு அளவு) மட்டும்.

தூரிகைநீர்
ஏற்காட்டில் ஆயில் பெயின்ட் காய்வது ஒரு தலைவலி. அதில் உள்ள லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) தண்ணீர் ஆவியாவது மாதிரி காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. குளிரும் குறைந்த வெளிச்சமும் அதைத் தாமதப்படுத்தும். அம்பர் என்ற பழுப்பு நிறங்களில் மாங்கனீஸ் இருப்பதால் ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாது. டைட்டானியம் வெள்ளை, ஐவரி கறுப்பு, அலிசரின் எல்லாம் அதே அறையில் ஒரு வாரம் இழுக்கும். அடியில் அம்பரில் மெலிதாக டர்பன்டைன் (பெயின்டைக் கரைக்கும் திரவம்) கலந்து வரைந்துவிட்டு, எண்ணெய் கூடுதலான அடுக்கை மேலே வைத்தால் வாரம் ஒரு சிட்டிங் என்ற கணக்கு சரியாக வரும். தலைகீழாக வைத்தால் மேலடுக்கு முதலில் இறுகி, அடியடுக்கு பிறகு சுருங்கி, கன்னத்தில் வெடிப்பு விழும்.

சேலத்தில் அக்ரிலிக்கில் இதற்கு நேர்மாறு. சித்திரை வெயிலில் பேலட்டில் வைத்த பெயின்ட் மாடலின் ஓய்வு முடியும் முன் தோலாகிவிடும். ஒரு தட்டில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன் மேல் பட்டர் பேப்பர், அதன் மேல் பெயின்ட். மூடி வைத்தால் இரண்டு நாள்கூட ஈரமாக இருக்கும். மூன்றாம் நாள் முடை நாற்றம் வரும், தூக்கிப் போடுங்கள்.

அசையாநாற்காலி
வாசம்னதும் ஒண்ணு. மூடின அறையில டர்பன்டைன் திறந்து வச்சா முதல் பலி மாடல்தான், ஏன்னா அவங்க அசையாம அதையே சுவாசிக்கறாங்க. தலைவலி, கண்ணெரிச்சல். சின்ன வாய் ஜாடி, மூடி, எதிரெதிர் சன்னல் திறப்பு. ஏற்காடு குளிர்ல கரி அடுப்பை மூடின அறைக்குள்ள வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது, தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும், ரெண்டு பேரும் அப்படியே போயிடலாம். ஹீட்டர் வைங்க, இல்லைனா மாடலுக்குக் காலுக்குக் கீழ சுடுதண்ணிப் பை வைங்க.

தூரிகைநீர்
ஆமாம். எண்ணெய் துடைத்த துணியையும் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். லின்சீட் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

குகைத்தெரு
நிறத்துக்கு வாங்க. நம்ம முகத்தை வரையும்போது பெரும்பாலான பேர் பழுப்போடு வெள்ளையைக் கலக்குறாங்க, முகம் சுண்ணாம்படிச்ச மாதிரி ஆயிடுது. டைட்டானியம் வெள்ளை நிறத்தைக் குளிரவும் வைக்கும், மறைக்கவும் செய்யும். மாடல் பார்த்துட்டு "எனக்குப் பவுடர் போட்டிருக்கீங்க"ன்னு சொல்வாங்க. அவங்க சொல்றது சரி.

அடிப்படை நாலு: ரா அம்பர் (பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), மஞ்சள் காவி, அல்ட்ராமரைன் (நீலம்). வெளிச்சத்தை ஏத்தணும்னா முதல்ல மஞ்சள் காவி, அப்புறம் கொஞ்சம் ஆரஞ்சு, கடைசியாத்தான் துளி வெள்ளை. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் சேர்த்தா வெதுவெதுப்பான இருட்டு கிடைக்கும். நெற்றி, மூக்கு நுனி, கன்னமேடு இங்கெல்லாம் கரும்பழுப்புத் தோல்ல விழற பளபளப்பு தோலோட நிறம் இல்லை, சன்னல் வானத்தோட நிறம். லேசா நீலம். தேங்காயெண்ணெய் தடவுன தலைக்கும் அதே நீலம்தான். மஞ்சள் பூசிக் குளிச்ச முகத்துக்கு நிழலோரம் பச்சையாத் திரும்பும், அதை விட்டுடாதீங்க, அந்த முகத்தோட அடையாளமே அது.

செவ்வாய்ப்பேட்டை_நூல்
உடை பற்றி யாரும் சொல்லவில்லை. கஞ்சி போட்ட காட்டன் சேலை ஒவ்வொரு வாரமும் வேறு மாதிரி மடியும். முதல் சிட்டிங்கில் மடிப்பு விழுந்ததும் உட்பக்கமாக நாலைந்து இடத்தில் பெரிய தையல் போட்டு வையுங்கள். இல்லையென்றால் சேலையை மட்டும் தையற்கடை பொம்மையில் போட்டுத் தனியாக வரையலாம், மாடலுக்கு அந்த நாள் ஓய்வு.

வெள்ளிக் கொலுசு சேலத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: இரண்டு வாரத்தில் கறுத்துவிடும். முதல் நாள் பளபளப்பாக வரைந்ததை நாலாவது சிட்டிங்கில் பழுப்பாகப் பார்த்தால் கை தானாக மாற்றும். துலக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது கொலுசை ஒரே நாளில் முடியுங்கள். மல்லிகை இரண்டு மணி நேரத்தில் வாடும், முதல் அரைமணியில் வரையுங்கள். கனகாம்பரம் மறுநாளும் தாங்கும்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி நாட்காட்டி. கார்த்திகையில் மாலை போட்டவர் 41 நாள் முகம் மழிக்க மாட்டார், பாதிப்படத்தில் தாடி வரும். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனவர் வெயிலில் கறுத்துத் திரும்புவார். மொட்டை வேண்டுதல் இருந்தால் படம் ஆறு மாதம் நிற்கும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் சேலத்தில் யாரையும் உட்காரக் கூப்பிடாதீர்கள். இதையெல்லாம் தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். கேட்பது மரியாதை. கேட்காமல் பிறகு "ஏன் மொட்டை போட்டீங்க" என்று முகம் சுளித்தால் அத்தோடு அந்த உறவு முடிந்தது.

ஏற்காட்டுப்பனி
மலையில இன்னொண்ணும் உண்டு. நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் காப்பிப் பழம் பறிக்கற காலம். எஸ்டேட்ல வேலை பார்க்கறவங்களை அப்போ கூப்பிட்டா அவங்களோட கூலியை நீங்க பிடுங்கறீங்கன்னு அர்த்தம். மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழா, அப்பவும் கூப்பிடாதீங்க.

பேனர்தாத்தா
கூலின்னு வந்துட்டோம். நட்பு நட்புன்னு சொல்லிட்டு நட்புக்குள்ள காசு எதுக்கு? காசு கொடுத்தா அவன் மாடல், கொடுக்கலைன்னா நண்பன். இல்லையா?

கோடுகாரன்
இல்லை. தலைகீழாகப் பாருங்கள். பிரான்சில் ஆர்ல் என்ற ஊரில் வின்சென்ட் வான்கோ 1888இல் அஞ்சல் ஊழியர் ஜோசப் ரூலானை வரைந்தார். ரூலான் காசு வாங்க மறுத்தார், கூடவே உட்கார்ந்து சாப்பிட்டார், குடித்தார். காசு கொடுப்பதைவிட இது அதிகச் செலவு என்று வான்கோ கடிதத்தில் எழுதினார். அந்த ஆண்டு டிசம்பரில் காதை அறுத்துக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தபோது போய்ப் பார்த்துக்கொண்டவர் அதே ரூலான்தான். எனவே காசு வாங்காத நட்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே மறுத்தது மாடல். ஓவியர் "நாம நண்பர்கள்தானே" என்று சொல்லிக் காசு தராமல் இருப்பது வேறு. அது நட்பைச் சாக்காக்கி வேலை வாங்குவது.

நடைமுறை: ஒரு சிட்டிங்குக்கு இவ்வளவு என்று முதல் நாளே பேசுங்கள், அன்றைக்கு அன்றே கொடுங்கள். அந்த ஊரில் அந்த ஆளின் ஒருநாள் சம்பளத்தைவிடக் குறையக் கூடாது. அரைநாள் உட்கார்ந்தாலும் அவருக்கு முழுநாள் வேலை போகிறது என்றால் முழுநாள் காசு. ஓவியர் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பாதியாவது கொடுக்க வேண்டும். மாடல் ரத்து செய்தால் ஒன்றும் இல்லை, கேள்வியும் இல்லை. போக்குவரத்து தனி. மலைமேல் சிட்டிங் வைத்தால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருபவருக்கு வாந்தி அடங்க அரைமணி விடுங்கள், அந்த அரைமணியும் சிட்டிங் நேரம்தான்.

அசையாநாற்காலி
அதே மாதிரி கடன். முன்பணம் ஒரு சிட்டிங்குக்கு மேல கொடுக்காதீங்க. பெரிய தொகை முன்பணமா வாங்கினா ஒவ்வொரு தடவையும் உட்கார்றப்ப "அடைக்கறேன்"ங்கற நினைப்புதான் இருக்கும். முகத்துல அது தெரியும், படத்துலயும் தெரியும்.

சட்டம்படிச்சவன்
உரிமை பற்றி ஒரு வார்த்தை. நட்பு முறிவதில் பாதி இங்கேதான்.

காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 1957, பிரிவு 17இன் உட்பிரிவு ஒன்று சொல்வது இது. ஒருவர் பணம் கொடுத்து, அவர் கேட்டுக்கொண்டதற்காக உருவப்படம் வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் காப்புரிமையின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர், ஓவியர் அல்ல. பல ஓவியர்களுக்கு இது தெரியாது. செட்டியார் ஒருவர் தன் அப்பாவின் படத்தை வரையச் சொல்லிக் காசு கொடுத்தால், அந்தப் படத்தைக் காலண்டரில் அச்சடிக்கும் உரிமை அவருடையது. ஓவியரே மாடலுக்குக் காசு கொடுத்து உட்கார வைத்தால் நிலைமை மாறும்: உரிமை ஓவியருடையது, அவர் இறந்து 60 ஆண்டு வரை. மாடலுக்குச் சட்டப்படி அந்தப் படத்தில் எந்தப் பங்கும் இல்லை.

பிரிவு 53ஏ என்றும் ஒன்று உண்டு. அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் ஓவியருக்குப் பத்து சதவீதத்துக்கு மிகாத பங்கு. அதுவும் ஓவியருக்குத்தான். மாடலுக்கு இல்லை.

பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் ஃப்ராய்ட் 1995இல் சூ டில்லி என்பவரை வரைந்த படம் 2008இல் நியூயார்க்கில் 33.6 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது. டில்லி லண்டனில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணிபுரிந்தவர். அந்தத் தொகையில் அவருக்கு எதுவும் வரவில்லை, வரவேண்டிய சட்டமும் இல்லை. எனவே சட்டத்தை நம்பாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: படம் எங்கெங்கே காட்டப்படும், இணையத்தில் போடலாமா, பெயர் வரலாமா, விற்றால் மாடலுக்கு எத்தனை சதவீதம், வரையும் போது எடுத்த போட்டோக்களைப் படம் முடிந்ததும் அழிப்பார்களா. ஒரு பக்கம் போதும். தமிழில் எழுதுங்கள், மாடலுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் அவர் நம்பும் ஒருவர் வாசித்துக் காட்டட்டும்.

குகைத்தெரு
"விற்றால் சதவீதம்"னு எழுதிக் கையெழுத்து வாங்கினா அங்கே நட்பு எங்கே சார் இருக்கு? வாய்ப்பேச்சுலயே நிக்கற உறவுதான் உறவு.

சட்டம்படிச்சவன்
எழுதுவது உறவுக்காக இல்லை. ஓவியர் இறந்த பிறகு அவர் பிள்ளைகளும் மாடலின் பிள்ளைகளும் பேசிக்கொள்ள வேண்டி வரும், அவர்களுக்காக.

மஞ்சள்காவி
குகைத்தெரு சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தாள் இருந்தும் முறிந்தவை உண்டு. என் பார்வையில் முறிய முக்கியக் காரணம் பணம்கூட இல்லை, படத்தைக் காட்டாமல் ஒளிப்பதுதான். ஒவ்வொரு சிட்டிங் முடிவிலும் கேன்வாஸைத் திருப்பிக் காட்டுங்கள், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். அவர் சொல்லும் குறையில் பெரும்பாலும் அளவுப் பிழை இருக்கும். "இது நான் இல்லை" என்றால் நேரே தூக்குக்குண்டு நூலை எடுத்துக் கண்ணின் உள்மூலைக்கும் மூக்குச் சிறகுக்கும் நேர் பாருங்கள், பத்தில் எட்டு தடவை அங்கேதான் தவறு. "நான் கறுப்பா இருக்கேன்" என்பது வேறு, அதற்காக மாற்றாதீர்கள். வெளிச்சத்தில் அவரை உட்கார வைத்துச் சின்னக் கண்ணாடி கொடுத்து, படத்துக்குப் பக்கத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வைத்துக்கு கிறிஸ்டினா ஓல்சன் அறிமுகமானது 1939இல். 1948இல் வயலில் தவழும் பெண்ணாக அவரை வரைந்தார். கிறிஸ்டினாவுக்கு அப்போது 55 வயது, நடக்க முடியாதவர். அந்தப் படத்தின் உடம்புக்கு உட்கார்ந்தது வைத்தின் மனைவி. கிறிஸ்டினா வீட்டு மாடி அறையிலேயே வைத் வேலை செய்தார், 1968இல் கிறிஸ்டினா இறக்கும்வரை அந்தப் பழக்கம் தொடர்ந்தது. ஓவியர் மாடலின் வீட்டுக்குப் போனார், மாடல் ஸ்டூடியோவுக்கு வரவில்லை. நடக்க முடியாத மாடலுக்கு நம்மூரிலும் இதே வழிதான்: ஈசலை (கேன்வாஸைத் தாங்கும் சட்டம்) மடித்து எடுத்துப் போங்கள். அவர் வீட்டுத் திண்ணை வெளிச்சம் எந்த ஸ்டூடியோவுக்கும் குறைந்ததில்லை.

கோடுகாரன்
வயதானால் என்ன செய்வது என்று கேட்க வந்தேன். முகம் மாறிக்கொண்டே போகும்போது?

குகைத்தெரு
அதுதாங்க இதுல ருசி. அதே ஆளை அதே கோணத்துல, அதே அளவுல, வருஷத்துக்கு ஒரு சின்னப் பலகை. ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குலம். சதை வத்தற இடம் முதல்ல கண்ணுக்குக் கீழ, அப்புறம் நெற்றிப்பொட்டு உள்வாங்கும், மூக்கும் காதும் நீண்டுகிட்டே போகும். தண்டட்டி போட்ட பாட்டிமார் காதுமடலை இளசா வரைஞ்சா ஒரு நொடியில தெரிஞ்சுடும். சுருக்கத்தைக் கோடா வரையாதீங்க, அது நிழல், ஒரு பக்கம் மிருதுவா, மறுபக்கம் கூரா. உட்கார்ற நேரமும் குறையும்: எழுபது வயசுக்காரங்களுக்குப் பத்து நிமிஷம், ஐந்து நிமிஷ ஓய்வு. மணி பார்க்க மறந்துடாதீங்க, அவங்க வாயால சொல்ல மாட்டாங்க.

கோடுகாரன்
ஃப்ராய்டின் உதவியாளர் டேவிட் டாசன் ஏறக்குறைய இருபது ஆண்டு அவரோடு இருந்தார், அடிக்கடி உட்காரவும் செய்தார். 2011 ஜூலையில் ஃப்ராய்ட் இறந்தபோது ஈசலில் இருந்தது டாசனும் நாயும் இருக்கும் முடியாத படம். நாயின் உருவம் பாதியோடு நிற்கிறது. வரைபவரே முதலில் போகலாம் என்பதை மாடல்களும் எண்ணி வைக்க வேண்டும்: முடியாத பலகை யாருக்கு என்பதையும் அந்தத் தாளில் எழுதிவிடுங்கள்.

ஏற்காட்டுப்பனி
எழுதி வச்சாலும் பலகை பூஞ்சை பிடிக்காம இருக்கணுமே. மலையில ஐப்பசி, கார்த்திகை மழையில கேன்வாஸ் பின்பக்கம் சாம்பல் புள்ளி வந்துடும். சுவரோட ஒட்டி மாட்டாதீங்க, நாலு மூலையிலயும் கார்க் துண்டு வச்சு அரை அங்குலம் தள்ளி மாட்டுங்க, காத்து போகணும். மாடலுக்குக் கொடுக்கற படத்துக்குப் பின்னால ஒரு அட்டை அடிச்சுக் கொடுங்க. அடுப்படிச் சுவத்துல மாட்டாதீங்கன்னு சொல்லுங்க, புகையும் எண்ணெயும் முகத்துல ஏறிடும்.

ஈரப் படத்தைக் கீழே சேலத்துக்கு எடுத்துட்டுப் போறவங்க ரெண்டு கேன்வாஸை முகத்துக்கு முகம் வச்சு, நாலு மூலையிலயும் முக்கால் அங்குலக் கட்டை வச்சு, நூல்ல கட்டுங்க. மழையில மண் சரிஞ்சு மலைப்பாதை அடைச்சா குப்பனூர் வழி இருக்கு.

அசையாநாற்காலி
மேடை செய்யறவங்களுக்கு ஒண்ணு விட்டுட்டேன். நாற்காலிக் காலுக்கு ரப்பர் புஷ் போடுங்க, பிளைவுட் மேல வழுக்குது. ஏறி இறங்க ஒரு படி வைங்க, 35 செ.மீ. வயசானவங்களுக்கு ரொம்ப உயரம். படி 17 செ.மீ. போதும், பக்கத்துல பிடிச்சுக்க ஒரு கம்பி.